டிவியின் தாமதம் போக மீதி

அப்பு,

நலம், நலமறிய ஆவல் என்று இந்தக் கடிதத்தை ஆரம்பிக்க முடியவில்லை. நான் நலமா இல்லையா என்பதுதானே பொங்கலிலிருந்து உனக்கும் எனக்கும் நடக்கிற வழக்கு. போன ஞாயிற்றுக்கிழமை நீ மறுபடியும் கோயம்புத்தூர் பேச்சை எடுத்தாய். வயதானவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பாம், வாசலில் செக்யூரிட்டியாம், கூப்பிட்ட குரலுக்கு நர்ஸாம், மூன்று வேளையும் சாப்பாடு கதவைத் தட்டிக்கொண்டு வருமாம். "நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லும்மா, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். போனில் சொன்னால் பாதியில் வெட்டி "அதில்லம்மா" என்று ஆரம்பிப்பாய், அதனால் எழுதுகிறேன். காலமெல்லாம் விசில் ஊதியே பேசிப் பழகிய பி.டி. டீச்சர் எழுத உட்கார்ந்தால் கொஞ்சம் நீளத்தான் செய்யும். பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி.

வழக்கு எங்கே ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியும். பொங்கலுக்கு நீயும் ரம்யாவும் ஜெர்மனியிலிருந்து வந்திருந்தீர்கள். பரணில் வெண்கலப் பானை தேடப் போனவன், நீ ஐந்தாவது படிக்கும்போது அப்பா மணிக்கூண்டுப் பக்கம் வாங்கிக்கொடுத்த டிவி கேம் பெட்டியோடு இறங்கினாய். ஒரே கேசட்டில் ஆயிரம் ஆட்டம் என்று அட்டையில் போட்டுவிட்டு, உள்ளே ஏழெட்டு ஆட்டத்தையே திருப்பித் திருப்பி வைத்திருந்தானே, அதே பெட்டிதான். அதன் மஞ்சள், வெள்ளை வயரைச் செருக இந்தப் புது டிவியில் இடமில்லை. நீயே கடைக்குப் போய் ஒரு கன்வெர்ட்டர் டப்பா வாங்கிவந்து நடுவில் மாட்டினாய். தடை ஓட்டப் பந்தயம் திரையில் வந்ததும் எனக்கு வாயெல்லாம் பல். ஒரு பொத்தானைத் தட்டித் தட்டி ஆளை ஓட வைக்க வேண்டும், தடை வரும்போது இன்னொன்றை அழுத்திக் குதிக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். மேல் தடத்தில் நீ, கீழ்த் தடத்தில் நான். சின்ன வயதில் ஒரு நாள்கூட உன்னை நான் ஜெயிக்க விட்டதில்லை. "பெத்த பிள்ளைகிட்ட தோத்தா என்ன குறைஞ்சா போயிருவ" என்று அப்பா கேட்பார். மைதானத்தில் அம்மாவும் கிடையாது பிள்ளையும் கிடையாது என்பேன்.

அன்றைக்கு என் ஆள் ஒரு தடையைக்கூட ஒழுங்காகத் தாண்டவில்லை. முதலில் நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். ரம்யா போனில் வீடியோ எடுத்தாள். மறுபடி மறுபடி விழுந்தபோது நீ சிரிப்பதை நிறுத்திவிட்டு, திரையைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தாய். "கை மரத்துப் போற மாதிரி இருக்காம்மா?" என்று கேட்டாய். அப்பாவுக்கும் டம்ளர் கை நழுவியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்பதை நீ சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போனாய். அவர் "இந்த வயசுக்கு நல்லாத்தான் இருக்கீங்க" என்றார். நீ அந்த "இந்த வயசுக்கு" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டாய். இனி ஸ்கூட்டரை எடுக்க மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏறினாய்.

நீங்கள் போன பிறகு நான் என் கையையே பார்த்துக்கொண்டு இருந்தேன். கரண்டியைப் பிடிக்கும்போது, பூட்டில் சாவியைத் திருப்பும்போது, சட்டையில்லாத ஹேங்கரை அப்பா பீரோவிலிருந்து எடுத்து மறுபடி மாட்டும்போதுகூட, பிந்துகிறதா பிந்துகிறதா என்று பார்ப்பேன். சனிக்கிழமை காலையில் காந்திகிராமத்துப் பக்கம் மைதானத்துக்குப் போய், ஓட வருகிற பிள்ளைகளுக்கு ஸ்டாப் வாட்ச் பிடிப்பேன் அல்லவா, அதை விட்டேன். கை மெதுவாகிப்போன ஆள் வாட்ச் பிடிப்பது பிள்ளைகளுக்குச் செய்கிற துரோகம். பந்தயத்துக்கு வாட்ச் பிடிக்கக் கூப்பிட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். ஸ்கூட்டரும் இல்லை, மைதானமும் இல்லை என்றானதும் ஒரு நாள் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. தெருவில் காய் கொண்டு வருகிற அம்மா, "டீச்சரு, என்ன வெஞ்சனம் இன்னைக்கு?" என்று கேட்பாள். அவளிடம் பேசுவதுதான் சில நாளில் நான் பேசுகிற மொத்தப் பேச்சு. ஒரு ஆளுக்கு என்ன வெஞ்சனம் வேண்டிக்கிடக்கிறது, நேற்று வைத்த குழம்பு இன்றைக்கும் ஓடும். எனக்குத் தனிமை பழகிவிட்டது என்று உன்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். பழகவில்லை.

மத்தியான நேரத்தில் சும்மா டிவி கேமைப் போட்டு உட்காருவேன். மேல் தடத்தில் உன் ஆள் கோட்டிலேயே நின்றுகொண்டிருப்பான், கீழே நான் மட்டும் ஓடி ஓடி விழுவேன். அப்படி ஒரு நாள் விழும்போதுதான் ஒன்று கவனித்தேன். பொத்தானின் "டிக்" சத்தம் என் காதில் விழுகிறது, ஆள் அதற்கு அப்புறம் குதிக்கிறான். என்னிடம் வாட்ச் பிடிக்கப் பழகிய எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் சொல்கிற முதல் பாடம் உனக்கு ஞாபகம் இருக்கும். துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு வாட்சை அழுத்தாதே, புகையைப் பார்த்து அழுத்து. நூறு மீட்டர் தள்ளி நிற்கிறவளுக்குச் சத்தம் கால் விநாடிக்கு மேல் பிந்தித்தான் வரும், புகை உடனே தெரியும். எது உண்மையிலேயே எப்போது நடந்தது, நமக்கு எப்போது வந்து சேர்ந்தது என்று பிரித்துப் பார்ப்பதுதான் அந்த வேலையே. அதைச் சொல்லிச் சம்பளம் வாங்கியவள், டிவி காட்டியதை அப்படியே நம்பி என் கையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

சின்னாளப்பட்டி ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தாளே, அவள்தான். டிவி மேலதான்டி தப்பு என்றேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள். கோணலா இல்லையா என்று அளந்து பார்த்துவிடலாம் என்று நான் கிளம்பினேன். முதல் அளவையே கோட்டைவிட்டேன். குதிக்கும்போது டிவியில் ஒரு சத்தம் வரும், அதைக் கேட்டு வாட்சை நிறுத்தினேன். ஒரு தடவை ஒரு கணக்கு, அடுத்த தடவை வேறு கணக்கு. ஊருக்கெல்லாம் சத்தத்தை நம்பாதே என்று சொன்னவள் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவுமில்லாமல் வாட்சை அழுத்துவதும் இதே கைதானே. சந்தேகத்துக்கு ஆளானவனையே சாட்சியாகக் கூப்பிட்டால் வழக்கு என்னாவது.

நீ வாங்கிக்கொடுத்த போனில் மெதுவாக ஓடுகிற வீடியோ எடுக்க ஒரு வசதி இருக்கிறது. ஒரு விநாடியை இருநூற்று நாற்பது படமாக வெட்டி வைக்குமாம். போனை அரிசி டப்பாமேல் சாய்த்து, என் கட்டைவிரலும் டிவியும் ஒரே படத்தில் விழுகிற மாதிரி வைத்தேன். விரல் எப்போது அழுந்தியது என்று தெளிவாகத் தெரிய வேண்டுமே என்று நகத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன். அப்பா போன பிறகு கண்ணாடிக்குப் பின்னால் கிடந்த பாக்கெட், இப்படியாவது உதவியது. பிறகு வீடியோவை விரலால் இழுத்து இழுத்து, பொட்டு கீழே போய் நின்ற படத்திலிருந்து ஆளின் கால் எழும்புகிற படம்வரை எண்ணினேன். பந்தயத்தில் மூன்று வாட்ச் பிடித்து நடுவில் வருகிற நேரத்தை எடுப்போம். அதே மாதிரி மூன்று தடவை எடுத்து நடுவில் வந்ததை வைத்துக்கொண்டேன். முப்பத்தைந்து படம். அதாவது ஒரு விநாடியில் ஏழில் ஒரு பங்கு. நூறு மீட்டரில் அது ஒரு மீட்டர் தூரம் அப்பு. அந்த ஒரு மீட்டரில் பரிசு வாங்காமல் அழுதுகொண்டு போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். அழுத்தியதற்கும் குதித்ததற்கும் நடுவில் அம்புட்டு நேரமும் நான் சும்மாதான் இருந்தேன், டிவியும் அந்தக் கன்வெர்ட்டரும்தான் படத்தை வைத்துக்கொண்டு மெருகு போட்டுக்கொண்டிருந்தன. டிவியைத் துழாவி கேம் மோடு என்று இருந்ததைப் போட்டேன், பாதிக்கும் கீழே குறைந்தது.

அப்புறம் உன் விஷயத்துக்கு வந்தேன். ஒரே டிவி, ஒரே டப்பா, நீ மட்டும் எப்படித் தாண்டினாய்? ரம்யா அனுப்பிய வீடியோவை எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தடை இன்னும் தூரத்தில் வரும்போதே உன் விரல் அழுந்திவிடுகிறது. இந்த மாதிரித் திரைகளிலேயே இத்தனை வருடம் விளையாடி, திரை பிந்தும் என்று உன் கைக்கு உனக்குத் தெரியாமலே பழகியிருக்கிறது. உன் கை என் கையைவிட வேகம் என்று நினைத்தாயே, அது வேகமில்லை ராஜா. எங்கள் மைதானத்தில் அதற்கு ஃபால்ஸ் ஸ்டார்ட் என்று பெயர், கொடியைத் தூக்கி வெளியே அனுப்பிவிடுவேன்.

ஆனாலும் ஒரு பக்கம் மட்டும் அளந்துவிட்டுத் தீர்ப்பு சொல்லக் கூடாது. ஸ்டெல்லா வீட்டில் அரசாங்கம் கொடுத்த பழைய கலர் டிவி இன்னும் ஓடுகிறது, பின்பக்கம் புடைத்த டிவி. கேம் பெட்டியை ஒயர்கூடையில் போட்டு, பஸ் ஸ்டாண்டில் ஆயக்குடிக் கொய்யா அரை கிலோ வாங்கிக்கொண்டு, டவுன் பஸ் ஏறிப் போனேன். "ஏன்டி, ரிட்டயர்டு ஆனவளுக இப்டி ஒயரைத் தூக்கிட்டு அலைவாளுகளா" என்றாள் ஸ்டெல்லா. வயரை நேராகச் செருகினோம், நடுவில் டப்பா எதுவும் இல்லை. அழுத்தினேன், குதித்தான். போனில் எண்ணிப் பார்த்தால் ஐந்தாறு படம்தான். அழுத்தினேன், குதித்தான், கடைசித் தடைவரை ஒன்றில்கூட இடிக்கவில்லை. ஸ்டெல்லா கையில் கேம் பெட்டியின் இன்னொரு ரிமோட் இருந்தது. அவள் எதையும் அழுத்தாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏய், ஜெயிச்சுட்டு எதுக்குடி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று கேட்டாள். கொய்யாவை எடுத்து அவள் கையில் திணித்தேன். இப்போது சொல்கிறேன். கை கெட்டுத்தான் போயிருந்தால், நீ அதைச் சாக்கு வைத்தாவது அடிக்கடி வருவாய் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்திருக்கிறது. அது போய்விட்டது என்றுதான் முகம் அப்படி ஆகியிருக்க வேண்டும். சீக்கு வந்தால் பிள்ளை வருவான் என்று நினைக்கிற இடத்துக்கு உன் அம்மா வந்துவிட்டாள், பார்த்துக்கொள்.

கையையும் தனியாக அளந்தேன். ஸ்டெல்லா ஒரு ஸ்கேலைத் தொங்கவிட்டுச் சொல்லாமல் விடுவாள், நான் இரண்டு விரலால் பிடிக்க வேண்டும், எவ்வளவு தூரம் விழுந்தபின் பிடிக்கிறேன் என்று பார்க்க வேண்டும். வகுப்பில் பிள்ளைகளுக்கு வைக்கிற சோதனைதான். முன்பு பதினைந்து சென்டிமீட்டரில் பிடிப்பேன், இப்போது இருபதாகிறது. "செத்த நேரம் இரு, கை ஈரமா இருக்கும்" என்று ஸ்டெல்லா என்னைக் காப்பாற்றப் பார்த்தாள். ஈரமெல்லாம் இல்லை. நான் பிந்தியிருக்கிறேன். டிவி பிந்தியதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது என்று அவளே கணக்குப் போட்டுச் சொன்னாள், இருந்தாலும் பிந்தியது பிந்தியதுதான். அதை நான் மறைக்க மாட்டேன். ஆகவே வாட்ச் இனி வேண்டாம், வேறு யாராவது பிடிக்கட்டும். நான் கோட்டருகே நின்று ஓட்டத்தைத் தொடங்கிவைக்கிற கிளாப்பர் கட்டையை அடிக்கிறேன், அதற்கு என் கை போதும். ஸ்கூட்டரை எடுப்பேன், நீ வாங்கிய சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு. இருட்டியபின் ஓட்ட மாட்டேன், பைபாஸ் பக்கம் போக மாட்டேன், காய்கறிக் கடைக்கும் மைதானத்துக்கும் மட்டும்தான். கோயம்புத்தூருக்குப் போக மாட்டேன். நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

இதையெல்லாம் உன்னிடம் வாயாலேயே சொல்லிவிடலாம் என்றுதான் போன ஞாயிறு சாயங்காலம் வீடியோ காலுக்குப் போன் முன்னால் உட்கார்ந்தேன். அளக்கிற புத்தி இன்னும் இறங்கவில்லை, மடியில் வாட்ச் இருந்தது. சாப்டியா என்றேன், சாப்ட்டேன் என்றாய். அங்கே குளிரா என்றேன், பரவால்லம்மா என்றாய். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அதே சின்ன இடைவெளி, கண்ணை மூடித் திறக்கிற நேரம். அது லைனுடையது. கடல் தாண்டிப் போய் வருகிறதே, அந்த அளவு பிந்தத்தான் செய்யும். அப்புறம் நீ கோயம்புத்தூரை ஆரம்பித்தாய். நீ பேசி முடித்ததும் நான் ஒன்று கேட்டேன். "கோயம்புத்தூரு வேணாம் அப்பு. நான் அங்க வந்து உங்ககூட இருந்துக்கிரட்டுமா?"

வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. போனில் உன் படம் ஒன்றும் நிற்கவில்லை. உனக்குப் பின்னால் ரம்யா கையில் கப்போடு வந்தாள், நின்றாள், நீ அவள் பக்கம் திரும்பிப் பார்த்தாய், திரைச்சீலை ஆடியது, நீ மூக்குக் கண்ணாடியைச் சரி செய்தாய். அப்புறம், "அம்மா, லைன் சரியில்ல, என்ன கேட்ட?" என்றாய். நான் வாட்சை நிறுத்தினேன். "ஒண்ணுமில்லய்யா, சாப்டியான்னு கேட்டேன்" என்றேன். "அதான் சாப்ட்டேன்னேனேம்மா" என்று நீ சிரித்தாய். வாட்சில் என்ன இருந்தது என்று இங்கே எழுத மாட்டேன். லைனுடைய பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்தை நான் மட்டும் பார்த்துவிட்டு அழித்துவிட்டேன். கோயம்புத்தூரைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன் என்று முடித்துப் போனை வைத்த பிறகு அழுதேன். கோபமும் வந்தது. அதைவிட, இத்தனை வருடமும் நீ பேசாமல் இருந்தபோதெல்லாம் "லைன் விட்டுப்போச்சு போல" என்று நானே உனக்கு முந்திச் சொல்லியிருக்கிறேன் என்பது ஞாபகம் வந்தது. அந்தச் சாக்கை உனக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

நீ தயங்கியது தப்பு என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீடு சின்னது, இரண்டு பேரும் வேலைக்குப் போகிறீர்கள், விசில் ஊதிப் பழகிய மாமியார் ஒருத்தி வந்து உட்கார்ந்தால் எந்த மருமகளும் ஒரு நிமிடம் நிற்கத்தான் செய்வாள். ரம்யா நல்ல பெண், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. உன் அப்பாவின் அம்மா நம்மோடு வந்து இருக்கட்டுமா என்று கேட்டபோது நானும் உடனே சரி என்று சொன்னவள் இல்லை. தயங்கினால் தயங்குகிறேன் என்று சொல்லலாம். அதை விட்டுவிட்டு என் கை மெதுவாகிவிட்டது, நான் தனியாக இருக்க லாயக்கில்லை என்று கோயம்புத்தூரில் ஒரு இடத்தைக் காட்டுகிறாய் பார், அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. என் கையை அளந்தாயிற்று, அது பிந்துவது எவ்வளவு என்று எனக்கும் தெரியும், இப்போது உனக்கும் தெரியும். உன் தயக்கத்தை அதன் தலையில் கட்டாதே.

எனக்குத் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை அப்பு. இதை இதுவரை உன்னிடம் நேராகச் சொன்னதில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். என்னால் தனியாக இருக்க முடியும், இருப்பேன், அது வேறு விஷயம். ஆனால் பிடிக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே கேள்வியை மறுபடி கேட்பேன். மடியில் வாட்ச் இருக்காது. ரம்யாவிடம் பேசிக்கொள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள், முடியாதும்மா என்றாலும் சொல், நான் கேட்டுக்கொள்வேன். லைன் சரியில்லை என்று மட்டும் சொல்லாதே.

அம்மா